கரைக்குக் கேட்ட கடல் பேச்சு

திருவாடானைக்கு மேற்கே இருக்கிற என் ஊரில் ஒருவன் இன்னொருவனின் தாயைச் சொல்லித் திட்டினால், அன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த வருஷமாவது அரிவாள் எழும். எழுபத்து நாலில் என் சித்தப்பா மகனைக் கண்மாய் மடைக்குப் பக்கத்தில் வெட்டினார்கள். தண்ணீர்த் தகராறு. நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது. பேச்சுவாக்கில் எதிராளியின் தாயைப் பற்றி ஒரு சொல் விட்டுவிட்டான். ஒரே சொல். உடம்பில் ஏழு வெட்டு. பதிலுக்கு எங்கள் பக்கத்தார் அவர்களில் இரண்டு பேரைச் சாய்த்தார்கள். நான் கணக்குப் படித்தவன். ஒரு சொல்லுக்கு மூன்று உயிர் என்று மனம் தானாகப் போட்டுக் கொடுத்துவிட்டது. யார் யாரை எத்தனை முறை என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று எண்ணுகிற பழக்கம் அதிலிருந்து பிடித்ததுதான். தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் நான் விரலை மடக்கத் தொடங்கிவிடுவேன். இந்த வயதிலும் விடவில்லை.

அதே வருஷம் ராமேஸ்வரம் தீவில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் கணக்கு எழுத வந்தேன். ஊரைவிட்டு வந்ததே வெட்டுக்குத்திலிருந்து விலகி இருக்கத்தான். வந்து சேர்ந்த இடம் எப்படிப்பட்டது என்று முதல் வாரத்தில் தெரியவில்லை. கரையில் மீனவர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்கள். விசைப்படகு ஓட்டுகிறவர்கள் ஐஸ் எடுக்க வருவார்கள். "கணக்கய்யா, இன்னிக்கு பதினஞ்சு பாரு ஐஸ் போடுங்க, நாளைக்கு வாரேன்" என்பார்கள். ஒருவரை ஒருவர் மச்சான், மாப்ள, அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். கெட்ட வார்த்தை அபூர்வம். இது நாகரிகமான ஜனம் என்று ஊருக்குக் கடிதம் போட்டேன்.

நான்கைந்து வருஷம் கழித்து ஒருமுறை கடலுக்குப் போனேன். கொண்டுபோகிற ஐஸில் எவ்வளவு உருகி வீணாகிறது என்று பார்த்துவரச் சொல்லி முதலாளி அனுப்பினார். நான் ஏறிய படகை ஓட்டியவர் ஒரு நெட்டையர். அப்போது இளவட்டம். வாசலில் குனியாமல் நுழைய முடியாத உயரம் என்பதால் தீவு முழுக்க அவரை அப்படித்தான் சொல்வார்கள். விடியற்காலையில் பக்கத்தில் இன்னொரு படகு வந்தது. அதை ஓட்டியவர் அவருடைய கூட்டாளி, பெரிய மீசை வைத்தவர். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே கோயில், கல்யாணம்கூட ஒரே மாதத்தில் நடந்தது.

விசைப்படகு பின்னால் இழுத்துப் போகிற பை போன்ற வலையை மடி என்பார்கள். மீசைக்காரரின் படகு எங்கள் மடிக்குக் குறுக்கே வந்துவிட்டது. கயிறுகள் சிக்கிக்கொண்டன. அதற்குப் பிறகு நான் கேட்டதை எழுத முடியாது. தாய், மனைவி, அக்காள், செத்துப்போன பாட்டன் வரைக்கும் போனார்கள். நான் விரல் மடக்கினேன். கை விரல் தீர்ந்து, கால் விரலும் தீர்ந்து, மூன்றாவது சுற்றில் விட்டுவிட்டேன். வார்த்தையோடும் நிற்கவில்லை. மீசைக்காரர் படகிலிருந்து ஓர் இரும்பு வளையம் பறந்து வந்தது. நெட்டையரின் நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. எங்கள் படகிலிருந்து ஒருவன் பெரிய ஐஸ் கட்டியைத் தூக்கி எறிந்து அந்தப் பக்கத்து ஆள் ஒருவனின் தோளை இறக்கிவிட்டான். நெட்டையர் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டார். கரைக்குப் போனதும் கொலைதான் விழும் என்று நான் படகின் அடியில் மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். ஊரிலிருந்து ஓடி வந்தது இதற்குத்தானா என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கரைக்கு வந்ததும் இரண்டு பேரும் குனிந்து ஒரு கை கடல் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினார்கள். பிறகு மீசைக்காரர் வந்து நெட்டையரின் நெற்றியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எலும்பு தெரியலடா மச்சான். காப்பித்தூள் வச்சு அமுக்கு."

"ஒன் வீட்டுல காப்பித்தூள் இருக்கா?"

"வா, தங்கச்சியவும் கூட்டிட்டு வா. மீன் ஆக்கச் சொல்லியிருக்கேன்."

நான் வாய் பிளந்து நின்றதைப் பார்த்து நெட்டையர் சிரித்தார். "என்ன கணக்கய்யா, அங்கன சொன்னது அங்கனயோட. கடல்ல ஒருத்தன் ஒன்னையத் திட்டுனா கோவப்படக் கூடாது. ஆமான்னு சொல்லிட்டு அவன் சொன்னதுக்கு மேல ஒண்ணு சொல்லணும். கோவப்பட்டவன் தோத்தவன்."

"உங்க வீட்டுக்காரம்மா கேட்டா?"

"அவ எப்பிடிக் கேப்பா? அவதான் கரையில இருக்காளே."

இதுதான் அவர்களுடைய ஏற்பாடு. திட்டு வாங்கியவன் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு மேலே ஒரு படி போக வேண்டும். சுற்றி நிற்கிற படகுகள் சிரித்துவிட்டால் சண்டை முடிந்தது. மண்டை உடைந்தாலும் கரையில் அதைப் பற்றிப் பேச்சில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்தேன். தையல் போட்ட நெற்றிகளையும் ஒடிந்த கைகளையும் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூடக் கரைச் சண்டையாக மாறவில்லை. நெட்டையருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்று குழந்தையைக் கையில் ஏந்தியவர் மீசைக்காரர்தான்.

பிறகு படகுகளுக்கு வயர்லெஸ் வந்தது. கையடக்கமான பெட்டி, சுருள் கம்பியில் தொங்குகிற மைக். எல்லைக்கு அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்கிற காலம் அது. ஒரு படகு நேரத்துக்கு வராவிட்டால் பெண்கள் கரையில் நின்று தலையில் அடித்துக்கொள்வார்கள். செத்தானா, பிடிபட்டானா, இஞ்சின் பழுதா என்று சொல்ல ஆளிருக்காது. அதனால் படகுக்காரர் சங்கம் எங்கள் ஐஸ் பிளான்ட்டுக்கு எதிரே இருந்த கொட்டகையில் கரைக்கென்று ஒரு செட்டு வைத்தது. பெண்கள் எல்லாரும் கேட்கட்டும் என்று கூரைமேல் ஒரு கூம்பு ஸ்பீக்கரும் கட்டினார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அதில் ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன்.

பேச்சு மாறியதை முதலில் நான்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன், கவனிக்கிற வேலையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாததால். மைக்கில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. 'ஓவர்' என்று சொல்லிப் பொத்தானை விட்டால்தான் அடுத்தவர் குரல் வரும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள் வந்தது. எனக்குப் பக்கத்து வீட்டு ஓட்டுநர் சாப்பிட உட்கார்ந்தால் "குழம்பு ஊத்து, ஓவர்" என்பார். ஒரு சாப்பாட்டுக்குப் பதினோரு ஓவர் எண்ணியிருக்கிறேன். மனைவி இடையில் பேசினால் "ஏலா, நான் இன்னும் முடிக்கல" என்று தட்டை வீசுவார். இரண்டு தட்டு நெளிந்தது. ஒன்று அந்த அம்மாளின் காதைக் கிழித்தது. எதிரில் இருக்கிற ஆளிடம் எட்டுக் கடல் மைலுக்கு அப்பால் இருப்பவனிடம் கத்துகிற மாதிரி கத்தினார்கள். கேட்கிற முகம் சுளிக்கிறதா, சிவக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் போய்விட்டது. கடலில் அடுத்த படகுக்காரனைத் திட்டும்போதும் முன்பு அவன் முகம் தெரியும். முகம் ஓர் அளவுக்கு மேல் கறுத்தால் வாய் தானாக நிற்கும். மைக்கில் அதுவும் இல்லை.

இன்னொன்றையும் அவர்கள் மறந்தார்கள். அல்லது, மறக்கவில்லை, அவர்களுக்கு உறைக்கவே இல்லை. படகில் நிற்கிறவனுக்குத் தான் நிற்கிற இடம் கடல். கடலில் சொன்னது கடலோடு போய்விடும் என்பது பாட்டன் காலத்து நினைப்பு. வாய் இருக்கிற இடம்தான் கணக்கு, காது இருக்கிற இடம் கணக்கில்லை என்று மனம் அப்படியே இருந்தது. கூரைமேல் ஸ்பீக்கர் இருப்பது எல்லாருக்கும் தெரியும். மைக்கைப் பிடித்ததும் அது எவருக்கும் ஞாபகத்தில் நிற்காது. ஆரம்பத்தில் சில்லறைத் திட்டுகள் வந்தபோது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிலர் காதைப் பொத்தினார்கள். சங்கத்தில் சொல்லிப் பாருங்கள் என்று நான் முதலாளியிடம் மூன்று முறை முறையிட்டேன். "ஒமக்கு வேற வேலை இல்லையா? சாயல்குடியில இருந்து உப்பு லாரி வந்துருச்சான்னு பாரும்" என்றார். ஐஸ் தொட்டிக்கு உப்பு முக்கியம்தான். போய்ப் பார்த்தேன்.

நெட்டையர் மகளுக்குத் தங்கச்சிமடத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகி, மாதா கோயில் பூசையில் ஓலை என்கிற கல்யாண அறிவிப்பு வாசிக்கிற சமயத்தில்தான் அது நடந்தது. காலை நேரம். படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. கொட்டகைக்கு முன்னால் இறால் உரிக்கப் போகிற பெண்கள் அலுமினியச் சட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தொரு பேர். அதில் நெட்டையரின் மனைவியும் ஒருத்தி. கறுத்த, கட்டையான உடம்பு. வாய் அதிகம் பேச மாட்டாள், கை வேகம்.

ஸ்பீக்கரில் மீசைக்காரர் குரல் வந்தது. "ஏலே நெட்டை, எங்கன பாத்து ஓட்டுற? எம் மடிமேல ஏறிப் போறியே, கண்ணுல செதிலா ஒட்டியிருக்கு?"

"நீ மடிய ஒன் வாய் கணக்கா விரிச்சு வச்சா எவன்லே விலகிப் போக முடியும்?"

"எவ்வாய விடு. ஒம் மவ மூக்கப் பாரு. எம் மூக்கு. ஊருக்கே தெரியும், ஒனக்குத்தான் தெரியல."

இரண்டு மூன்று படகுகளிலிருந்து சிரிப்பு வந்தது. நெட்டையர் கடல் முறைப்படி பதில் சொன்னார். ஆமாம் என்று சொல்லி, மேலே ஒரு படி.

"தெரியாம என்ன மச்சான். நாந்தானே கதவத் தெறந்து போட்டுட்டுக் கடலுக்கு வாரேன். மூக்கு ஒன்னோடதுன்னா கல்யாணச் செலவும் ஒன்னோடது. ஓவர்."

இன்னும் பெரிய சிரிப்பு. கடலைப் பொறுத்தவரை சண்டை அத்தோடு முடிந்தது.

 கரையில் மற்ற நாற்பது பெண்களில் ஒருத்தியும் நெட்டையரின் மனைவியைப் பார்க்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. பார்த்திருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் எழுந்து ஐஸ் பிளான்ட் வாசலுக்கு வந்தாள்.

"கணக்கய்யா, பேசுனது எங்க வீட்டுக்காரரும் எங்க அண்ணனுந்தானே?"

மீசைக்காரரை அவள் அண்ணன் என்றுதான் சொல்வாள். அது கடலில் பேசுகிற முறை, அதற்கு அர்த்தம் கிடையாது என்று நான் விளக்கத் தொடங்கினேன். "அர்த்தம் இல்லாம இம்புட்டுப் பேரு ஏன் தலையக் குனியிறாளுக?" என்றாள்.

அவள் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய். தங்கச்சிமடத்துக் கரையிலும் ஒரு செட்டு உண்டு. எனக்குக் கேட்கும்படிதான் பேசினாள் அந்த அம்மாள். "நாங்க ஒண்ணும் சொல்லல. இதோட விட்டுருவோம். ஓலைய நிப்பாட்டச் சொல்லிட்டோம்." மூன்று வாக்கியம். இவள் திருப்பிக் கூப்பிட்டபோது போன் அணைந்திருந்தது. சம்பந்தத்தை முறிக்க வேண்டுமென்றால் முன்பெல்லாம் நான்கு பேர் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவிக்க வேண்டும். அந்தத் தவிப்பைப் பார்த்துப் பாதிச் சம்பந்தங்கள் ஒட்டிக்கொள்ளும்.

"மூஞ்சியக் காட்டாமயே முடிச்சிட்டா" என்றாள் நெட்டையரின் மனைவி. அழவில்லை. அதே போனில் பாம்பனில் இருக்கிற தன் கூடப்பிறந்த தம்பிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். நடந்ததை மட்டும் சொன்னாள். அடி என்று சொல்லவில்லை. அதை நான் கேட்டேன், சத்தியம் செய்யவும் தயார். நேரில் சொல்லியிருந்தால் அவள் முகத்தைப் பார்த்து அவர்கள் நிதானப்பட்டிருக்கலாம். எதிர்மாறாகவும் ஆகியிருக்கலாம்.

படகுகளைக் கட்டுவதற்கு முன்பே தம்பிகள் படகுத்துறை ஜெட்டிக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் கையில் துடுப்புக் கட்டை, இன்னொருவன் கையில் இரும்புக் கம்பி. நெட்டையர் இறங்கினார். குனிந்து வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது மூத்தவன் கேள்வி கேட்காமல் தலையில் அடித்தான். அவர் அவ்வளவு உயரத்திலிருந்து அப்படியே மடங்கி விழுந்தார். அடுத்த படகில் நின்ற மீசைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே குதித்தார்.

"ஏலே மச்சான், காலையிலயே மப்பா? விழுந்து கெடக்க."

அவர் கடைசியாக ஒழுங்காகப் பேசியது அதுதான். கம்பி அவர் தாடையில் விழுந்தது. காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. பற்கள் நான்கு ஜெட்டிப் பலகையில் கிடந்தன, நான் பார்த்தேன். மீன் கூடைகள் கவிழ்ந்து, வெள்ளை ஐஸ் முழுக்கச் சிவந்து ஓடியது. இளையவன் வயிற்றில் மிதித்தான். மூத்தவன் துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கினான். மண்டை உடைந்து கிடந்த நெட்டையர் தவழ்ந்து வந்து மீசைக்காரர் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். மிச்ச அடியெல்லாம் அவர் முதுகில் விழுந்தது. பத்தொன்பது. விலக்கிவிடப் போன ஐஸ் பிளான்ட் ஆள் ஒருவனின் மணிக்கட்டும் உடைந்தது. "எங்க அக்கா என்னலே செஞ்சா ஒங்களுக்கு" என்று மூத்தவன் அழுதுகொண்டே அடித்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய நிலையில் கீழே இருவரும் இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் மீசைக்காரரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டி அனுப்பினார்கள். பல் இடுக்கில் குழாய் வைத்துக் கஞ்சி. போலீஸில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார்கள்.

ஊர்க் கூட்டம் கூடியது. சொன்னவர் வாயாலேயே அது பொய் என்று சபையில் சொன்னால் தங்கச்சிமடத்துக்காரர்கள் இறங்கி வரக்கூடும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். சொல்ல வேண்டிய வாய் கம்பியில் கட்டிக் கிடந்தது. எழுதிக் கொடுக்க அவருக்கு எழுத்துத் தெரியாது. கையை ஆட்டினார், தலையை ஆட்டினார், கண்ணில் தண்ணீர் விட்டார். "இது மன்னிப்பா, ஒத்துக்கிடுறதா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். நெட்டையர் தலைக்கட்டோடு எழுந்து, எல்லாம் விளையாட்டுப் பேச்சு என்றார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் சொல்கிறார் என்றார்கள். எனக்குத் தெரிந்த கடல் முறையை நானும் எழுந்து சொன்னேன். ஆண்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரிந்த ஒருவனும் தன் வீட்டுப் பெண்கள் முன்னால் ஆமாம் என்று சொல்லவில்லை. சொன்னால், நீ கடலில் என்னை என்ன சொல்வாய் என்று அவரவர் வீட்டில் கேள்வி வருமே. கூட்டம் கலைந்தது. ஒன்றே ஒன்றைத் தீர்மானித்தார்கள்: இனி மைக்கில் கெட்ட வார்த்தை பேசினால் படகைக் கடலுக்கு விடுவதில்லை.

நெட்டையரின் மகள் வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். மூக்கில் துணியைப் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள் என்று அவள் தாய் என்னிடம் சொன்னாள். "கத்திய எடுத்து வச்சிருந்தா கணக்கய்யா. நான் பிடுங்கிட்டேன்." அதைச் சொல்லும்போது தன் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். அதில் கட்டுப் போட்டிருந்தது.

அதைச் சொன்ன மறுநாள் காலை, படகுகள் கடலில் இருக்கிற நேரம், நெட்டையரின் மனைவி நேராகச் சங்கக் கொட்டகைக்குள் போனாள். செட்டைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு கை விளங்காத பழைய மீனவர் இருந்தார்.

"எந்திரிங்க."

"பொம்பளைங்க இங்கன வரப்படாது தாயி."

அவர் தோளில் ஒரே தள்ளு. நாற்காலியோடு போய் விழுந்தார். சங்கத்து ஆள் ஒருவர் ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். அவள் அந்தக் கையைக் கடித்தாள். ரத்தம் வருகிற வரைக்கும் விடவில்லை. பிறகு பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் மூச்சு கேட்டது. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"எல்லாப் போட்டும் கேளுங்க. நான் நெட்டையன் பொண்டாட்டி பேசுறேன். பொத்தான ஒருத்தனும் அமுக்கப்படாது. எம் மவ மூக்கு மீசைக்காரர் மூக்குன்னு சொன்னீக. சிரிச்சீக. ஆமா. சரிதான். அப்ப காது எவன் காது? கண்ணு எவன் கண்ணு? முடி எவனோடது, நெகம் எவனோடது? கடல்ல நிக்கிற அம்புட்டு ஆம்பளையும் வந்து ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. வெக்கப்படாதீக. சிரிக்கையில வெக்கமில்லையே."

மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தங்கச்சிமடத்துச் சம்பந்தக்காரரே, நீங்களும் அங்கனதான் நிக்கிறிய. எனக்குத் தெரியும். ஒங்க வீட்டுப் பொம்பள போன்ல முடிச்சுட்டா. நீங்க ஆம்பளைதானே, நீங்க ஒண்ணும் சொல்லலையே. ஒங்களுக்கு எம் மவகிட்ட எது வேணும், சொல்லுங்க. இல்லாட்டி வேண்டாம்னு ஒங்க வாயால எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

பொத்தானை விட்டாள். யார் அவளுக்கு அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை புருஷன் வாயிலிருந்து அன்று கேட்ட ஒரே பதிலிலிருந்து தானே பிடித்துக்கொண்டாளோ என்னவோ. ஒப்புக்கொண்டு, மேலே ஒரு படி. கோபப்பட்டால் தோற்றுவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உதடு கிழிகிற அளவுக்குக் கடித்துக்கொண்டு நின்றாள், கோபம் மட்டும் குரலில் இல்லை.

கொட்டகையைச் சுற்றி ஜனம் கூடிவிட்டது. எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டேன். ஸ்பீக்கர் கரகரத்தது. வயதான குரல், இருமலோடு. மாப்பிள்ளையின் தகப்பனார்.

"சம்மந்தி."

அந்த ஒரு சொல்லுக்கு வாசலில் நின்ற பெண்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முனகல் மாதிரி.

"சம்மந்தி, மூக்கு, காது, கண்ணு எல்லாத்துக்கும் ஆளு வந்துருச்சுன்னா எனக்கு நாக்குப் போதும். அந்த நாக்கு ஒங்களுது மாதிரி இருந்தா எங்க வீட்டுக்கு வரட்டும். எம் பொண்டாட்டி கூட நாப்பது வருசமா ஒத்தையில மல்லுக் கட்டுறேன், எனக்குத் தொணைக்கு ஒரு ஆளு வேணும். ஓவர்."

முதலில் ஒரு படகில் சிரித்தார்கள். பிறகு எல்லாப் படகிலும் சிரித்தார்கள். கரையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். தங்கச்சிமடத்துக் கரையிலும் சிரித்திருப்பார்கள், அந்த அம்மாள் உட்பட எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க. இனி ஓலையை நிறுத்துவது எப்படி? நெட்டையரின் மனைவி மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்து, பிளான்ட் சுவர் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

மாப்பிள்ளையின் தாய் அந்த வாரத்திலேயே நேரில் வந்தாள். வாசற்படியில் நின்று, "போன்ல சொன்னத வச்சுக்கிட்டு நிக்காத மதினி, வெத்தல பாக்கு எடு" என்றாள். அவ்வளவுதான் மன்னிப்பு.

கல்யாணம் நடந்தது. கம்பி அவிழ்த்த பிறகு மீசைக்காரருக்குத் தாடை ஒரு பக்கம் கோணிவிட்டது. மீசையை எடுத்துவிட்டார். பேச்சு வந்தது, ஆனால் சொற்கள் ஓரமாக ஒழுகின. ஞானத்தகப்பன் என்ற முறையில் கோயிலில் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் நான் அவருக்கு அடுத்த இலையில் இருந்தேன். நெட்டையர் பரிமாறுகிறவர்களோடு வந்து, அவர் இலைக்கு முன்னால் நின்றார்.

"வாங்க. சாப்புடுங்க. கொழம்பு விடச் சொல்லட்டுமா?"

"இருக்கட்டுங்க. போதுங்க."

முப்பது வருஷத்தில் அவர்கள் வாயிலிருந்து ஒருவருக்கொருவர் 'ங்க' வந்து நான் கேட்டதில்லை. எண்ணிப் பார்த்தேன்: அந்தப் பந்தி முடிவதற்குள் ஒன்பது. எங்கள் ஊரில் வெட்டுப்பழி உள்ள இரண்டு வீட்டார் பொது இடத்தில் சந்தித்தால் இப்படித்தான் பேசுவார்கள்.

நெட்டையரின் மனைவி பாயசத் தூக்கோடு வந்தவள் இதைக் கேட்டுவிட்டாள். தூக்கை இலைகளுக்கு நடுவிலேயே வைத்தாள்.

"என்ன ங்க போடுறிய? எம்புட்டு நாளைக்கு இப்பிடி? அண்ணே, எம் முன்னாலதான் இருக்காரு அவரு. திட்டிப்புடுங்க. நானே சொல்றேன். ஒரு தடவ நல்லாத் திட்டிப்புட்டுச் சிரிங்க ரெண்டு பேரும்."

பந்தியில் எல்லாரும் கையை நிறுத்திப் பார்த்தார்கள். நெட்டையர் வாயைத் திறந்தார். "ஏலே" என்று தொடங்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண் அந்தக் கோணல் தாடையில் போய் நின்றது. வாய் மூடிக்கொண்டது. மீசைக்காரர், இப்போது மீசை இல்லாதவர், இலையை மடக்கினார். எதிர்ப் பக்கமாக மடக்காமல், நல்ல காரியத்துக்கு மடக்குகிறபடி தன் பக்கமாகவே மடக்கினார்.

"சாப்பாடு நல்லாருந்துச்சுங்க" என்றார் நெட்டையரிடம். கோணல் வாயில் அதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது. எழுந்து கை கழுவப் போனார். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்கு வந்து, என் இலையில் பாயசம் ஊற்றினாள்.